துள்ளும் ஆர்.சி கார்... கசியும் ஷாக்! தூக்கிப் போடும் முன் இந்தக் கம்பியைக் கவனிங்க!

"அப்பா, கார் தவளை மாதிரி குதிக்குதுப்பா!"

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. தெருமுனையில் இருக்கும் காலி மனை. ரிமோட்டும் கையுமாக நிற்கிறான் எட்டாம் வகுப்புப் பையன். நேற்றுவரை மண் மேட்டில் ஏறி, பறந்து, பூப்போல இறங்கிய ஆர்.சி கார், இன்று ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு முறை எகிறுகிறது. இறங்கும்போது அடிப்பாகம் தரையில் 'டப்'பென்று மோதுகிறது. வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உருள்கிறது.

அப்பா காரைத் திருப்பிப் பார்க்கிறார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் ஒட்டிய மண் கறுப்புக் களிம்பாகத் திரண்டிருக்கிறது.

"பார்த்து ஓட்டினாத்தானே... பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள உடைச்சிட்டே!"

பையன் பதில் பேசவில்லை. ரிமோட்டை அணைத்துவிட்டுத் தலைகுனிந்து நடக்கிறான்.

இந்த வழக்கில் ஒரு திருப்பம் இருக்கிறது. பையன் எதையும் உடைக்கவில்லை. தேய்ந்தது ஒரு கம்பி. பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதன் பெயர் ஷாக் ஷாஃப்ட். அதை மாற்ற ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால், மாற்றும் முறை தெரியாவிட்டால் புதுக் கம்பியையும் பத்து நிமிடத்தில் பாழாக்கிவிடலாம்!

உள்ளே என்ன நடக்கிறது?

பைக்கின் முன்பக்க ஃபோர்க்கைப் பார்த்திருப்பீர்கள். பளபளப்பான குழாய், அதைச் சுற்றி ஆயில் சீல். குழாயில் கீறல் விழுந்தாலோ துரு பிடித்தாலோ சீல் கிழியும், ஆயில் கசியும், பிரேக் பிடித்தால் வண்டி முன்னால் முங்கும். ஆர்.சி காரின் ஷாக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அளவு மட்டும் விரல் நீளம்.

ஷாக்குக்கு வெளியே சுருள் ஸ்பிரிங். உள்ளே ஒரு சிறு உருளை, அதில் சிலிகான் ஆயில். அந்த ஆயிலுக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். பிஸ்டனைத் தாங்கி வெளியே நீண்டிருக்கும் எஃகுக் கம்பிதான் ஷாஃப்ட். அது உருளையை விட்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் ஓ-ரிங்குகள் காவல் நிற்கும்.

மேடு வரும்போது சக்கரம் மேலே தூக்கப்படுகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் தன்போக்கில் விரிந்தால் கார் பந்துபோலத் துள்ளும். அப்படித் துள்ளவிடாமல் பிடித்து நிறுத்துவது ஆயில். பிஸ்டன் நகர வேண்டுமானால், ஆயில் அந்தச் சிறு துளைகள் வழியே பிதுங்கியாக வேண்டும். அந்த எதிர்ப்பில் துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைந்துவிடுகிறது.

ஆயில் குறைந்தால் அந்த இடத்தில் காற்று நிரம்பும். பிஸ்டன் ஓட ஓட காற்றும் ஆயிலும் கலந்து நுரைக்கும். நுரைக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. விளைவு, தவளைப் பாய்ச்சல்!

இதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓட்டினால் கெடுவது ஷாக் மட்டுமல்ல. தரையில் மோதும் அதிர்ச்சி நேராக சஸ்பென்ஷன் ஆர்ம்களுக்கும், ஷாக்கைத் தாங்கும் ஷாக் டவருக்கும் போகும். அவை உடைந்தால் செலவு பல மடங்கு.

பொம்மையா, ஹாபி காரா?

வேலையில் இறங்கும் முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கடைகளில் விற்கும் பல ரிமோட் கார்களில் ஷாக் என்று தெரிவது வெறும் ஸ்பிரிங் மட்டுமே. உள்ளே ஆயிலும் இல்லை, அவற்றுக்கு உதிரி பாகமும் கிடைக்காது. 'ஹாபி கிரேடு' என்று சொல்லப்படும் கார்கள் வேறு ரகம். ஒவ்வொரு திருகுக்கும் தனி எண் கொடுத்து, கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்பட்டவை.

இந்த ரகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானின் ஷிஸுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாடலுடன் ஆர்.சி கார் உலகில் நுழைந்தது. 1984-ல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்.சி10 பக்கியைக் கொண்டுவந்தது. ரோஜர் கர்டிஸ் வடிவமைத்த அந்த காரில் தங்க நிற அலுமினிய சேஸியும் ஆயில் நிரப்பிய ஷாக்குகளும் இருந்தன. மண்ணில் ஓடும் குட்டிக் கார்களின் பந்தயத்தையே மாற்றியமைத்த மாடல்களில் அது ஒன்று. 2008-ல் வந்த டிராக்ஸஸ் ஸ்லாஷ் போன்ற 1/10 அளவு டிரக்குகளிலும் அதே தத்துவம்தான்.

40 ஆண்டுகளுக்கு முன் வந்த ஆர்.சி10 கார்களை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தேய்ந்த பாகத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்ததுதான் அதன் ரகசியம்.

குற்றவாளி யார்?

மண்தான். மணலில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ். அது சாதாரண எஃகைவிடக் கடினமானது. கார் ஓடும்போது தூசி ஷாஃப்ட்டில் படிகிறது. ஷாஃப்ட் உள்ளே போகும்போது தூசியில் ஒரு பகுதி ஓ-ரிங்கின் விளிம்பில் சிக்கிப் பதிந்துவிடுகிறது. அதன்பிறகு அந்த ஓ-ரிங், ரப்பர் வளையமாக இருப்பதில்லை. வளைய வடிவ உப்புத்தாள் ஆகிவிடுகிறது! சக்கரம் துள்ளும் ஒவ்வொரு முறையும் அது கம்பியை ஒருமுறை தேய்க்கிறது. கால் மணி நேரம் மண் தரையில் ஓட்டினால் எத்தனை துள்ளல் என்று எண்ணிப் பாருங்கள்.

பல ஷாஃப்ட்டுகளுக்கு குரோம் பூச்சு உண்டு. அது நீண்டநாள் தாங்கும். ஆனால், பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போனால் அடியிலுள்ள எஃகு வெளியே தெரியும். அங்கு தேய்மானம் வேகமெடுக்கும். ஈரம் பட்டால் துருவும் சேரும். துருப் புள்ளியின் விளிம்பு பிளேடு மாதிரி. ஓ-ரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிவிடும்.

ஷாஃப்ட் தேய்வதற்கு இன்னொரு காரணம், பக்கவாட்டு அழுத்தம். ஷாக்கின் அடிமுனை சரியாக அசையாமல் இறுகியிருந்தாலோ, கம்பி லேசாக வளைந்திருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் உராயும். ஷாஃப்ட்டின் ஒரே பக்கத்தில் நீளவாக்கில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் இதுதான் காரணம். அப்போது கம்பியை மட்டும் மாற்றினால் போதாது. முனை தாராளமாக அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆக, ஒழுங்காக ஓட்டினாலும் ஷாஃப்ட் தேயும். செருப்பின் அடிப்பாகம் தேய்வதைப்போல. அப்பாவின் பைக்கில் ஆயில் சீல் போனபோது, "பார்த்து ஓட்டியிருந்தா..." என்று யாராவது திட்டினார்களா என்ன?

வீட்டிலேயே நான்கு சோதனைகள்

ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். பிறகு:

1. நகச் சோதனை: ஷாஃப்ட்டின் மேல் விரல் நகத்தை மெதுவாக இழுங்கள். எங்கேயாவது நகம் தட்டினால், ஓ-ரிங்குக்கும் அங்கே தட்டும். மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

2. வெளிச்சச் சோதனை: ஜன்னல் வெளிச்சத்தில் கம்பியைச் சுழற்றிப் பாருங்கள். பளபளப்பு மங்கிய பட்டை, கோடு, புள்ளி தெரிகிறதா?

3. உருட்டல் சோதனை: ஷாஃப்ட்டைத் தனியே கழற்றிய பிறகு, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். தள்ளாடினால், அல்லது அடியில் வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறைந்தால், கம்பி வளைந்திருக்கிறது. செல்போன் திரையில் உருட்ட வேண்டாம். கீறல் அங்கேயும் விழும்!

4. ஆட்டச் சோதனை: ஷாஃப்ட்டை வெளியே இழுத்த நிலையில் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மிகச் சிறிய அசைவு இயல்பு. 'லொடலொட'வென ஆடினால் ஓ-ரிங்கோ, கம்பிக்கு வழிகாட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷோ தேய்ந்துவிட்டது.

கசிவு மட்டும் இருக்கிறது, கம்பி கண்ணாடிபோல வழுவழுவென்று இருக்கிறது என்றால் ஓ-ரிங்கை மட்டும் மாற்றினால் போதும். கம்பியில் கீறல் இருந்தும் ஓ-ரிங்கை மட்டும் மாற்றினால், சில நாள்களிலேயே மறுபடி அதே பிசுக்குதான்.

'உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடாதா?' என்று தோன்றும். போகும். கூடவே பூச்சும் போகும், கம்பியின் தடிமனும் குறையும். ஓ-ரிங் இறுக்கிப் பிடிக்க வேண்டிய கம்பி மெலிந்தால், கசிவுக்குப் புதுக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

வாங்கும் முன் அளந்து பாருங்க

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஷாஃப்ட்டுகள் ஒரே அளவாக இருப்பதில்லை.

1/10 அளவு கார்கள் பலவற்றில் ஷாஃப்ட்டின் தடிமன் 3 மி.மீ. அங்குலக் கணக்கில் வந்த பழைய அமெரிக்க மாடல்கள் சிலவற்றில் 1/8 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால், மெலிந்த கம்பியைப் போட்டால் கசியும். தடித்த கம்பியைப் போட்டால் ஷாக் இறுகிப்போய் நகராது.

நீளமும் முக்கியம். பெரும்பாலான மண் தரைக் கார்களில் முன் ஷாக்கும் பின் ஷாக்கும் ஒரே நீளம் அல்ல. அதனால் காரோடு வந்த கையேட்டில் பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு. கையேடு தொலைந்திருந்தால், பழைய ஷாஃப்ட்டின் தடிமன், மொத்த நீளம், மரையின் அளவு மூன்றையும் வெர்னியர் காலிப்பரில் அளந்து கடைக்காரரிடம் சொல்லுங்கள். தடிமனைத் தேயாத இடத்தில் அளக்க வேண்டும்.

என்ன பூச்சு வாங்குவது? குரோம் பூச்சு எஃகு சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதும். தங்க நிறத்தில் டைட்டானியம் நைட்ரைடு பூசிய ஷாஃப்ட்டுகளும் கிடைக்கின்றன. துளையிடும் டிரில் பிட்டுகளில் தங்க நிறமாகத் தெரியுமே, அதே பூச்சுதான். மிகக் கடினமானது, வழுக்கும் தன்மையும் கூடுதல். தினமும் மண்ணில் ஓட்டுபவர்களுக்குக் கைகொடுக்கும். வாரம் ஒருமுறை ஓட்டும் பையனுக்கு அது அவசியம் இல்லை.

ஒரு ஷாஃப்ட் மட்டும் போயிருந்தாலும் இடமும் வலமும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டின் வழுக்கலும் வேறுபடும். கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

தேவையான பொருள்கள்

* ஷாஃப்ட் ஒரு ஜோடி, புது ஓ-ரிங்குகள்
* கையேட்டில் சொன்ன அளவில் சிலிகான் ஷாக் ஆயில்
* சரியான அளவு ஸ்குரூ டிரைவர் அல்லது ஆலன் கீ
* கட்டிங் பிளேயர், பழைய சைக்கிள் டியூப் துண்டு
* பஞ்சு உதிராத துணி, பழைய டூத் பிரஷ்
* வெள்ளைத் தட்டு ஒன்று. ஒரு பெரிய கண்ணாடிக் கவர்

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனமும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், பைக் ஃபோர்க் ஆயில் எதுவும் சரிப்படாது. ரப்பரின் வகையைப் பொறுத்து, பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய்களில் ஓ-ரிங் ஊதிப்போகலாம். வெயில் ஏறினால் அவை சீக்கிரம் நீர்த்தும்போகும். சிலிகான் ஆயில் வெப்பத்தில் அந்த அளவுக்கு மாறுவதில்லை.

பாட்டிலில் '30 வெயிட்' என்பது போன்ற எண் இருக்கும். இந்த வெயிட் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். 'சி.எஸ்.டி' என்று போட்டிருந்தால் அது பாகுத்தன்மையின் நேரடி அளவு. அதை வைத்து ஒப்பிடுவதே நம்பகமானது.

கழற்றுவோமா?

முதல் வேலை, காரின் பேட்டரியைக் கழற்றி வைப்பது. கை சக்கரத்துக்கு அருகில் இருக்கும்போது ரிமோட் தவறி அழுந்தினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

கழற்றும் முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துளையில் ஷாக் மாட்டியிருந்தது, எந்தப் பக்கம் வாஷர் இருந்தது என்பதெல்லாம் பிறகு நினைவுக்கு வராது. ஒரு நேரத்தில் ஒரு ஷாக் மட்டும் பிரியுங்கள். இன்னொன்று மாதிரிக்கு அப்படியே இருக்கட்டும்.

1. ஷாக்கை வெளியே எடுத்து, டூத் பிரஷ்ஷால் மண்ணைத் துடையுங்கள். மண்ணோடு திறந்தால், அந்த மண் உள்ளே போகும்.

2. ஸ்பிரிங்கை அமுக்கி, அடியிலுள்ள ஸ்பிரிங் தாங்கியை நகர்த்தி இரண்டையும் எடுங்கள்.

3. மேல் மூடியைத் திறந்து பழைய ஆயிலை ஒரு கிண்ணத்தில் ஊற்றுங்கள். சாம்பல் நிறமாக, பளபளவென்று இருந்தால் அது தேய்மானத் துகள். அதை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

4. ஷாஃப்ட்டின் அடிமுனையில் இருக்கும் பிளாஸ்டிக் ராட் எண்டைத் திருகிக் கழற்றுங்கள். பழைய ஷாஃப்ட்டை மேல் பக்கமாக உருவி எடுங்கள்.

5. ஷாஃப்ட்டின் மேல்முனையில் பிஸ்டனைப் பிடித்திருப்பது பல மாடல்களில் குட்டியூண்டு ஈ-கிளிப். சிலவற்றில் சிறிய நட். ஈ-கிளிப்புக்குச் சிறகு உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், பறந்தால் கிடைக்காது! கைகளைக் கண்ணாடிக் கவருக்குள் விட்டு, உள்ளேயே கழற்றினால் கவருக்குள்ளேயே விழும்.

6. உருளையின் அடியிலுள்ள மூடியைத் திறந்து பழைய ஓ-ரிங்குகளை எடுங்கள். எந்த வரிசையில் வருகின்றன என்பதை வெள்ளைத் தட்டில் அப்படியே அடுக்கி வையுங்கள்.

அப்பா செய்த தவறு!

நம் கதைக்குத் திரும்புவோம். புது ஷாஃப்ட் வந்துவிட்டது. மேஜையில் தட்டு, துணி, ஆயில் எல்லாம் தயார். பையன் எட்டி நின்று பார்க்கிறான். இனி ராட் எண்டை ஷாஃப்ட்டின் மரையில் திருக வேண்டும். கம்பி கையில் வழுக்குகிறது. அப்பா கட்டிங் பிளேயரை எடுக்கிறார். பளபளக்கும் புது ஷாஃப்ட்டின் நடுவில் ஒரே பிடி. 'கறுக்'கென்று ஒரு சத்தம்.

பிளேயரை எடுத்துப் பார்த்தால், கம்பியின் இருபுறமும் வரிவரியாகப் பல் தடம். ஒரு வருடம் முழுக்க மண்ணும் பையனும் சேர்ந்து போட்ட கீறலைவிட ஆழமாக, ஐந்தே நொடியில்!

ஷாக் ஷாஃப்ட் மாற்றுவதில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். ஷாஃப்ட்டின் வழுவழுப்பான பகுதி மேல் வெறும் இரும்பு எதுவும் படக் கூடாது. வரிப்பள்ளம் இல்லாமல், கம்பியின் தடிமனுக்கு ஏற்ற குழியுடன் வரும் ஷாக் ஷாஃப்ட் பிளேயர் என்ற தனிக் கருவி ஹாபி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையென்றால் சைக்கிள் டியூப் துண்டையோ தடித்த தோல் துண்டையோ கம்பியின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பிளேயரால் மெதுவாகப் பிடிக்கலாம். கம்பியிலும் ரப்பரிலும் ஆயில் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டால் நன்றாகவே பிடிக்கும். கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் ராட் எண்டைத்தான் சுழற்ற வேண்டும்.

மேஜையில் சற்று நேரம் அமைதி. அப்பா எதுவும் பேசவில்லை. பையன்தான் மெல்லக் கேட்டான்.

"ஜோடியா வாங்கினதுல இன்னொண்ணு இருக்கேப்பா. பழைய டியூப் எங்க இருக்குன்னு அம்மாகிட்ட கேக்கட்டுமா?"

பொருத்துவது இப்படித்தான்

பிஸ்டனைப் புது ஷாஃப்ட்டில் மாட்டுங்கள். ஈ-கிளிப் என்றால் கீழே ஒன்று, நடுவில் பிஸ்டன், மேலே ஒன்று. பள்ளத்தில் 'க்ளிக்'கென உட்கார்ந்ததா என்று பாருங்கள். பிஸ்டன் மேலும் கீழும் அதிகம் ஆடக் கூடாது.

புது ஓ-ரிங்குகளில் ஷாக் ஆயிலைத் தடவி, எடுத்த அதே வரிசையில் வைத்து அடி மூடியைப் போடுங்கள். காய்ந்த ஓ-ரிங்கை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

அடுத்து வருவது கவனமான கட்டம். ஷாஃப்ட்டை மேலிருந்து உள்ளே விடும்போது, அதன் அடிமுனை மரை ஓ-ரிங்கைத் தாண்டி வெளியே வர வேண்டும். மரையின் முனைகள் கூர்மை. வறட்டென்று தள்ளினால் புது ஓ-ரிங் அங்கேயே கிழியும். 'எல்லாம் புதுசு போட்டும் ஏன் கசியுது?' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மரையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் கவர் துண்டைச் சுற்றி, ஆயில் தடவி, லேசாகத் திருகியபடியே தள்ளினால் காயமில்லாமல் வந்துவிடும்.

பிறகு ராட் எண்டைத் திருகுங்கள். பிளாஸ்டிக் மரை என்பதால் அளவுக்கு மீறி இறுக்கினால் வழுக்கிவிடும். இடது, வலது ஷாக் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்று காலிப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் நிரப்ப அவசரம் கூடாது

ஷாஃப்ட்டை முழுவதுமாகக் கீழே இழுத்துவைத்து, உருளையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை ஆயில் ஊற்றுங்கள். பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் அடியில் சிக்கிய காற்று குமிழ் குமிழாக மேலே வரும். வேகமாக ஆட்டினால் நுரைக்கும். பிஸ்டனை ஆயிலுக்கு மேலே வரவிடவும் கூடாது.

அதன்பிறகு ஷாக்கை நிமிர்த்தி வைத்துவிட்டு, காபி குடிக்கப் போங்கள். 10 நிமிடத்தில் நுண்ணிய குமிழ்கள் தானாக மேலேறிவிடும்.

மூடியில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும் மாடல் என்றால், ஆயிலை விளிம்பு வரை நிரப்பி, சவ்வைக் காற்று சிக்காமல் பக்கவாட்டிலிருந்து படியவிட்டு, மூடியைத் தளர்வாகத் திருகுங்கள். ஷாஃப்ட்டை மெதுவாக உள்ளே தள்ளினால் கூடுதல் ஆயில் வழிந்து வெளியேறும். பிறகு மூடியை இறுக்குங்கள். கம்பி உள்ளே வரும்போது அதன் பருமனுக்கு உள்ளே இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தைக் கொடுப்பதுதான் சவ்வின் வேலை. ஆயிலை அதிகமாகத் திணித்துவிட்டால் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போகாது, போனாலும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சவ்வு இல்லாத மாடல்களில் கொஞ்சம் காற்று இருக்கும்படியே வடிவமைத்திருப்பார்கள். அளவு கையேட்டில் இருக்கும்.

தரையில் சிந்திய சிலிகான் ஆயிலை உடனே துடையுங்கள். டைல்ஸ் தரையில் அது பனிக்கட்டிபோல வழுக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை.

சரியாகிவிட்டதா?

ஸ்பிரிங் மாட்டும் முன், ஜோடி ஷாக் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். 'புளுக் புளுக்' என்று சத்தம் வந்தால் காற்று மிச்சம் இருக்கிறது. மறுபடி ஒருமுறை நிரப்புங்கள்.

காரில் மாட்டிய பிறகு, ஒரு சாண் உயரத்திலிருந்து நான்கு சக்கரமும் ஒன்றாகப் படும்படி மெதுவாக விடுங்கள். ஒரே மூச்சில் அமுங்கி எழுந்து நின்றால் வெற்றி. இரண்டாவது முறை எகிறினால் ஆயில் போதவில்லை அல்லது மிக நீர்த்தது.

ஒரு இரவு துணியின் மேல் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். துணியில் புள்ளி இல்லையென்றால் நிம்மதி.

இனிமேல் தேயாமல் இருக்க...

முழுவதும் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் மென்மையான பிரஷ்ஷால் ஷாஃப்ட்டின் தூசியைத் தட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஈரத்தில் ஓட்டினால் கட்டாயம் துடைத்துக் காயவையுங்கள். ஷாஃப்ட்டின் வெளிப்பக்கம் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். அது தூசிக்குப் போடும் பசை. ஷாக்கின் மேல் மாட்டும் ரப்பர் அல்லது துணி உறைகள் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன. மணல் தரையில் ஓட்டுபவர்களுக்கு அவை நல்ல முதலீடு.

அந்தப் பல் தடம் விழுந்த ஷாஃப்ட்? அதற்குப் பதிலாக இன்னொரு ஜோடி வாங்கவேண்டி வந்தது. அதன் விலை, புதுக் காரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இந்த முறை சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடித்தது அப்பா. ராட் எண்டைத் திருகியது பையன்.

மறுவாரம் ஞாயிறு, அதே காலி மனை. மண் மேட்டில் ஏறிய கார் பறந்து, ஒரே மூச்சில் அமுங்கி நின்றது. இரண்டாவது துள்ளல் இல்லை.

"நீ ஒண்ணும் உடைக்கலடா. அது தானா தேயுற பார்ட்டு" என்றார் அப்பா.

பையன் ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "தெரியும்ப்பா. நீங்க ஓட்டிப் பாக்குறீங்களா?"

கெட்டியான அந்தப் பழைய ஷாஃப்ட் இப்போது பையனின் பென்சில் டப்பாவில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் துள்ளித் துள்ளி ஓய்ந்த ஆர்.சி கார் ஏதாவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். முதலில் பிசுக்கைத் துடையுங்கள். அப்புறம், நகத்தால் ஒரு இழுப்பு!